இரண்டு முறை எடுத்த பித்தப்பை

— இன்னும் கொஞ்சம் கீழே சரிஞ்சு படு. கழுத்து ரொம்ப தெம்பா இருக்கு.

— கழுத்து தெம்பா இருந்தா அதுக்கு நான் என்ன பண்றது? நாலு தலகாணியை அடுக்கி வச்சுட்டு சரிஞ்சு படுன்னா எங்க சரியறது?

— அந்தச் சிவப்புப் பேனாவை முதல்ல கீழே வை. சாகக் கிடக்கறவ கையில சிவப்புப் பேனா எதுக்கு?

— சாகக் கிடக்கறேனா! உடம்பு சரியில்லைன்னுதானே சொன்னீங்க?

— ஒரு... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— இங்க பாருங்க. ஏழாம் வகுப்பு புவியியல் தாள், நாப்பத்தெட்டு. நாளைக்குக் காலையில குடுக்கணும். நீங்க பாட்டுக்கு உங்க நாடகத்தை நடத்துங்க, நான் பாட்டுக்குத் திருத்தறேன்.

— அவர் உள்ளே வந்ததும் எல்லாத் தாளும் போர்வைக்குள்ள போயிடணும், சொல்லிட்டேன். ...ஸ்ஸ், ஆ! கட்டிலுக்கு அடியில என்னத்தை வச்சிருக்கே? கால்ல இடிக்குது.

— பழைய துணி. பேச்சை மாத்தாதீங்க. யார் வர்றா? பட்டப்பகல்ல நான் எதுக்குப் போர்வையைப் போத்திட்டுக் கிடக்கணும்?

— தாடி வர்றார்.

— எந்தத் தாடி?

— எந்தத் தாடியா? முப்பத்தொரு வருஷமா நான் யாரோட சண்டை போட்டுட்டு இருக்கேன்?

— என்னோட.

— உன்னைத் தவிர!

— ஓ... மத்தியதரைக் கடல் தாடி. துறைமுக வாசல் வடக்கேன்னு சொல்றவர்.

— சொல்லட்டும், வாய் இருக்கு, சொல்றார். வாசல் மேற்கே. அதுக்குத்தான் எனக்கு டாக்டர் பட்டம் குடுத்தாங்க. நாலு புத்தகம் எழுதியாச்சு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அந்தத் துறைமுகத்துக்குள்ள கப்பல்ல போன ஒரு மாலுமி, தன் கையால எழுதி வச்சுட்டுப் போயிருக்கான். "மாலை வெயில் கண்ணைக் கூச உள்ளே நுழைந்தோம்." மாலை வெயில்னா மேற்கு. இதுல என்ன சந்தேகம்?

— எனக்கென்ன சந்தேகம்? தாடிக்குத்தான்.

— அவருக்கு அந்த மாலுமியே குடிகாரன். மத்தியானம்னு இருந்ததை எவனோ மாலைன்னு நகல் எடுத்துட்டானாம்! அந்த ஒரு சொல்லுக்கு நாங்க பதினேழு கட்டுரை எழுதியிருக்கோம். அவர் எட்டு, நான் ஒம்பது.

— ஒண்ணு கூட. பேஷ். அந்தப் பெரிய மனுசர் வர்றதுக்கும் நான் படுக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?

— அது... வந்து...

— வந்து?

— ஒவ்வொரு வருஷமும் அங்க கருத்தரங்குக்குக் கூப்பிடுவாங்க இல்லையா?

— ஆமா. உங்களுக்குத்தான் விமானத்துல காது அடைக்குமே, அதனால போகலை.

— காது அடைக்குதுன்னு ஒரு பேராசிரியர் எழுத முடியுமா? கௌரவமா ஒரு காரணம் வேணாமா?

— அதனால?

— உனக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதினேன்.

— எப்போ?

— எல்லா வருஷமும்.

— எல்லா வருஷமுமா!

— கோவப்படாதே. இந்தா, இதைப் படி. அவர் வர்றதுக்குள்ள மனப்பாடம் பண்ணிடு. கேட்டா மாத்திச் சொல்லிடக் கூடாது.

— என்ன ஃபைல் இது?

— உன் மருத்துவ வரலாறு.

— எனக்கு வரலாறா! ஐயோ கடவுளே... "முதலாம் காலம், காய்ச்சல்கள். இரண்டாம் காலம், எலும்புகள்." காலம் காலமாப் பிரிச்சிருக்கீங்களே! அடிக்குறிப்பு வேற!

— எதைச் செஞ்சாலும் ஒழுங்காச் செய்யணும்.

— இடது கால் எலும்பு முறிவு... எலும்பு முறிஞ்ச இந்த வருஷம்தான் நான் ஸ்கூல் ஆண்டு விழாவுல பசங்களோட ஆடினேன்.

— அது அவருக்குத் தெரியாதே.

— சிறுநீரகக் கல். மறுபடியும் சிறுநீரகக் கல். பித்தப்பை நீக்கம்... சரி, நீக்கியாச்சு. அப்புறம் மூச்சிரைப்பு. அப்புறம்... நில்லுங்க. இது என்ன?

— எது?

— ஆறு வருஷம் கழிச்சு மறுபடியும் பித்தப்பை நீக்கம்!

— எங்க? குடு பாக்கலாம்.

— ஒரே பித்தப்பையை ரெண்டு தடவை எடுத்திருக்கீங்க! சரித்திரப் பேராசிரியர்தானே நீங்க? ஒரு தேதி பாக்க வேணாம்?

— ஐயையோ... அது எப்படி விட்டுப்போச்சு?

— எத்தனை பித்தப்பை எனக்கு? மாடா நான்?

— மாட்டுக்கும் ஒண்ணுதான். உன் தம்பிகிட்ட கேட்டேன்.

— என் தம்பியும் இதுல கூட்டா?

— அவன்கிட்டேருந்துதான் அந்த ஸ்டாண்டு வாங்கிட்டு வந்தேன். அதோ, மூலையில. குளுக்கோஸ் பாட்டில் தொங்க விடறது.

— அவன் மாட்டு டாக்டர்!

— ஸ்டாண்டுக்குத் தெரியுமா மாடா மனுசனான்னு?

— அதுல "காளை, கொட்டில் மூணு"ன்னு எழுதி ஒட்டியிருக்கு. அதையாவது கிழிச்சீங்களா?

— அட... கவனிக்கலை. தாடிக்கு நம்ம எழுத்து தெரியாது, விடு. நீ கையை மட்டும் இப்படித் தொங்கப் போட்டுக்கோ. முனகத் தெரியுமா?

— உங்களைக் கட்டிக்கிட்டு முனகத் தெரியாமலா?

— தமாஷ் பண்ணாதே. ரெண்டு வருஷமா நீ படுத்த படுக்கைன்னு எழுதியிருக்கேன். மூணு வார்த்தைக்கு மேல பேசினா மூச்சு வாங்கும்.

— நாப்பத்தெட்டுப் பசங்க முன்னாடி மூணு மணி நேரம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறவ நான். மூணு வார்த்தையா!

— பத்து நிமிஷம். பத்தே நிமிஷம் தாக்குப் பிடி. எனக்காக.

— எதுக்கு இப்போ திடீர்னு வர்றாராம்?

— இந்தப் பக்கம் ஏதோ வேலையா வந்தாராம். "அந்தத் துணிச்சலான பெண்மணியை ஒரு தடவை நேரில் பார்த்து வணங்க வேண்டும். உங்களிடமும் நேரில் ஒன்று சொல்ல வேண்டும்"னு எழுதியிருக்கார். என்ன சொல்லப்போறார்னு எனக்குத் தெரியாதா? மாசக் கடைசியில எனக்கு ஓய்வு. வகுப்பு இல்லை, பரீட்சை இல்லை, துறைத் தலைவர் இல்லை. வா, வந்து பாருன்னு கூப்பிடுவார். அங்க தோண்டற இடத்துலயே தங்க வீடு தர்றேம்பார். தட்டிக் கழிக்க எனக்குன்னு மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான்.

— ஆகா. முப்பத்தொரு வருஷத்துல இப்பத்தான் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை.

— நிஜமாத்தான் சொல்றேன்.

— எனக்கு ஒண்ணு புரியலை. நாலு புத்தகம் எழுதியிருக்கீங்க. அந்தக் கடல்ல எந்த மாசம் என்ன கப்பல் போச்சு, எந்தச் சாடியில எண்ணெய், எந்தச் சாடியில மது, எல்லாம் அத்துப்படி. ஒரு தடவை போய்க் காலை நனைச்சுட்டு வரணும்னு தோணவே இல்லையா?

— புத்தகம் எழுத எதுக்குக் காலை நனைக்கணும்?

— பாஸ்போர்ட்டை மட்டும் மூணு தடவை புதுப்பிச்சீங்க. ஒரு முத்திரை கிடையாது உள்ளே. புதுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி மடிப்புக் கலையாம இருக்கு.

— ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்னு...

— என்ன அவசரம்? ரோமாபுரி எரியுதுன்னு தந்தி வருமா?

— இங்க பாரு, மணி நாலாகப்போகுது. முகத்துல கொஞ்சம் பவுடர் போடட்டுமா? வெளிறின மாதிரி இருக்கும்.

— கிட்ட வராதீங்க. கடிச்சுடுவேன்.

— சரி, சரி. ஜன்னல் திரையையாவது இழுத்து விடறேன். இருட்டா இருந்தா நோய் தெரியும்.

— இருட்டா இருந்தா நான் எப்படித் தாள் திருத்தறது? இன்னும் ஏழு தாள் பாக்கி. ...ஏங்க, அவர் இன்னும் அந்தப் பச்சைக் கோட்டுதான் போட்டுட்டுத் திரியறாரா? முழங்கையில தோல் ஒட்டுப் போட்டது?

— யாரு?

— தாடிதான்.

— ...உனக்கெப்படித் தெரியும் பச்சைக் கோட்டு?

— எதுல பாத்தேன்... ம், அவர் புத்தகத்துப் பின்னட்டையில போட்டோ இருக்கே.

— அது கறுப்பு வெள்ளைப் படம்.

— அப்போ வேற ஏதாவது படம்.

— வேற படமே கிடையாது. மனுசனுக்குப் படம் எடுத்தா பிடிக்காது. அந்தப் படத்துலயும் கழுத்துக்குக் கீழே ஒண்ணும் தெரியாது, அம்மாம் பெரிய தாடி. முழங்கை எங்கேருந்து வந்துச்சு?

— குத்துமதிப்பாச் சொன்னேன்.

— முழங்கையில தோல் ஒட்டு. இதைக் குத்துமதிப்பாச் சொல்ல முடியாது. இது கண்ணால பாத்த சாட்சி சொல்றது.

— ம். இப்போ மட்டும் ஆதாரத்தைப் பிடிச்சுக்குவீங்க. பித்தப்பையில விட்டுடுவீங்க.

— என் முகத்தைப் பாத்துச் சொல்லு. அந்தத் தாடியை நீ எங்க பாத்தே?

— ...உக்காருங்க.

— உக்கார மாட்டேன்.

— உக்காருங்கன்னா. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி உங்க துறைக்கு வெள்ளை அடிச்சாங்க, ஞாபகம் இருக்கா? தபாலெல்லாம் ஒரு மாசம் வீட்டுக்கு வந்துச்சு.

— அதுக்கு?

— ஒரு வாழ்த்து அட்டை வந்துச்சு. கலங்கரை விளக்கம் படம் போட்டது. உள்ளே, "பித்தப்பை இல்லாமலும் புன்னகையோடு வாழும் அம்மையாருக்கு, விரைவில் குணமடைய."

— ஐயோ...

— நான் வயித்தைத் தடவிப் பாத்துக்கிட்டேன். அப்புறம் உங்க அலமாரியைக் குடைஞ்சேன். இந்த ஃபைல் கிடைச்சுது.

— பதினோரு வருஷமாத் தெரியுமா உனக்கு!

— ரெண்டாவது பித்தப்பை எடுத்தப்போ பக்கத்துல உக்காந்துதான் வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். நீங்க ரொம்ப வருத்தமா டைப் அடிச்சுட்டு இருந்தீங்க.

— அப்பவே தடுத்திருக்கலாம் இல்ல?

— பாக்கலாமே, எவ்வளவு தூரம் போறீங்கன்னு.

— சரி... அட்டை வந்துச்சு. கோட்டு?

— நான் பதில் எழுதினேன். "ஐயா, எனக்கு எல்லா உறுப்பும் இருக்கு, என் வீட்டுக்காரருக்குத்தான் ஒண்ணு குறையுது, தைரியம்"னு. அவர் உடனே கூப்பிட்டார். வாங்கம்மா, நீங்களாவது வாங்கன்னு.

— நீ...

— எட்டு நாள் புவியியல் ஆசிரியர் பயிற்சி முகாம்னு சொல்லிட்டுப் போனேனே?

— ஆமா, குளிரும், போர்வை எடுத்துட்டுப் போன்னு நான்தான் சொன்னேன்!

— அது முகாம் இல்லை.

— நீ... நீ அங்க போனியா? என் கடலுக்கா?

— உங்க கடல்தான். முகமெல்லாம் கறுத்துப்போய், செருப்பெல்லாம் மணலோட திரும்பி வந்தேன். வாசல்ல நின்னு என்னைப் பாத்து நீங்க என்ன கேட்டீங்க தெரியுமா?

— என்ன கேட்டேன்?

— "அஞ்சாவது அத்தியாயம் தட்டச்சு பண்ணணும், எப்போ உக்கார்றே?"

— அப்படியா கேட்டேன்?

— அந்த ஆளு என்னை முதல்ல பாத்ததும் நம்பவே இல்லை. அந்தக் கலங்கரை விளக்கத்துல முன்னூறு படி ஏறினேன், பச்சைக் கோட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது, நான் மேலே போய் நிக்கறேன். எலும்பு முறிஞ்சது எந்தக் கால்னு கேட்டார்.

— அதுக்கப்புறமும் வருஷா வருஷம் அட்டை அனுப்பினாரே, நீ சீக்கிரம் குணமாகணும்னு!

— நான்தான் அனுப்பச் சொன்னேன். படமெல்லாம் அழகா இருக்கும்.

— ரெண்டு பேரும் சேர்ந்து... என்னை... சே! அப்போ இந்த ஸ்டாண்டு, தலகாணி...

— நீங்க ஆசையாப் பண்ணீங்க, கெடுப்பானேன்னு படுத்தேன்.

— சிரிக்காதே.

— சிரிக்கலை. சரி, சிரிச்சுட்டேன். இப்போ நீங்க சொல்லுங்க. காது அடைக்குதுங்கறது நிஜமா?

— அடைக்கும்தான்.

— பஞ்சு வச்சுக்கிட்டுப் போயிருக்கலாம். முப்பத்தொரு வருஷம். நிஜத்தைச் சொல்லுங்க.

— சொன்னா சிரிப்பே.

— இந்தக் கட்டில்ல ஒரு நோயாளிதான் இருக்கா. வெளியே சொல்ல மாட்டா.

— பயம்.

— விமானத்துக்கா?

— அதுக்கில்ல. அங்க போய் நின்னா... கண்ணுக்குத் தெரிஞ்சுடுமே. புத்தகத்துல நான் மேற்கேன்னா மேற்கே. எவன் எதிர்த்தாலும் எழுதியே மடக்கிடுவேன். கடலை எழுதி மடக்க முடியுமா? அது பாட்டுக்கு ஒரு பக்கம் கிடக்கும். நான் முப்பத்தொரு வருஷம் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் தப்புன்னு ஆயிட்டா, அப்புறம் நான் யாரு? மிச்சம் என்ன இருக்கு என்கிட்ட?

— பாவமா இருக்கு.

— எதுக்குப் பாவம்? ஏன் பாவம்? ...இரு. நீ அங்க நின்னுருக்கே. உன் கண்ணால பாத்திருக்கே.

— பாத்தேன்.

— புவியியல் டீச்சர் வேற. சொல்லு. வாசல் எந்தப் பக்கம்?

— வண்டிச் சத்தம் கேக்குது.

— கேக்கட்டும்! வடக்கா?

— மேற்கே போய் நின்னேன். செங்குத்தாப் பாறை. ஆடு கூட இறங்காது.

— அது பின்னாடி வந்த நிலநடுக்கத்துல எழும்பின பாறை! மூணாவது அத்தியாயத்துல முப்பது பக்கம் எழுதியிருக்கேன்.

— நான்தானே தட்டச்சு பண்ணேன். ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. பாறைக்குத்தான் தெரியலை.

— அப்போ வடக்குதானா? தாடிதான் சரியா? ஐயோ, அவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து என் வீட்டு வாசல்ல நின்னு...

— மணி அடிக்கறார். போய்த் திறக்கட்டுமா?

— திறக்காதே! முதல்ல சொல்லு. வடக்கா?

— வடக்கு இல்லை.

— இல்லையா? அப்பாடா! உயிர் வந்துச்சு. அப்போ... வடக்கும் இல்லேன்னா... மேற்குல பாறைன்னா...

— இந்தாங்க, இந்தத் தாளைப் பிடிங்க. ஒம்பதாவது கேள்வி. சத்தமா வாசிங்க.

— இப்போ எதுக்கு உன் பரீட்சைத் தாள்?

— வாசிங்க.

— "ஒரு கப்பல் மாலை நேரத்தில் துறைமுகத்துக்குள் நேராக நுழைகிறது. மாலை வெயில் மாலுமியின் கண்ணைக் கூசுகிறது. எனில்..." இது என் மாலுமி! என் வரியை எடுத்து ஏழாம் வகுப்புக்குக் கேள்வி போட்டிருக்கியா?

— விடையையும் வாசிங்க.

— "கண் கூசினால் மாலுமி சூரியனைப் பார்த்து, அதாவது மேற்கு நோக்கிப் போகிறார். அவர் கிழக்கிலிருந்து வருகிறார். ஆகவே துறைமுகத்தின் வாசல்..."

— ம்?

— "...கிழக்கே."

— அடுத்த தாள்.

— "கிழக்கே."

— அதுக்கும் அடுத்தது.

— "கிழக்குப் பக்கம். மதிப்பெண் இரண்டு." மதிப்பெண்ணையும் அவளே போட்டுக்கிட்டா... இதோ! இதோ பாரு, இதுல மேற்குன்னு எழுதியிருக்கு! இந்தப் பையன் புரிஞ்சவன்!

— அவன் வருஷம் பூரா வகுப்புப் பக்கமே வரலை.

— பதினேழு கட்டுரை.

— தெரியும்.

— மாலையா மத்தியானமான்னு. மாலைன்னா அந்த மாலுமி எந்தப் பக்கம் திரும்பி நிக்கறான்னு ரெண்டு பேரும் ஒரு தடவை கூட... உனக்கு அங்க போனப்பவே தெரிஞ்சுடுச்சா?

— தட்டச்சு பண்ணும்போதே உறுத்துச்சு. அங்க போய்ப் பாத்தா கிழக்கே நல்ல சமதரை, மணல் மேவிக் கிடக்கு, ரெண்டு கழுதை மேயுது. தாடிகிட்டயும் சொன்னேன். பித்தப்பை இல்லாதவ சொல்றாளேன்னு சிரிச்சார்.

— என்கிட்ட ஏன் சொல்லலை? பதினோரு வருஷம்!

— எப்படிச் சொல்றது? சாப்பிட உக்காந்தா மேற்கு, படுத்தா மேற்கு. சொல்றப்பெல்லாம் முகம் அப்படி மலரும். அந்த முகத்துக்கு முன்னாடி எனக்கு வாய் வரலைங்க. நீங்களே ஒரு நாள் போய் நின்னு தெரிஞ்சுக்கிட்டா வலிக்காதுன்னு நெனச்சேன். நீங்க போகவே இல்லை.

— மறுபடியும் மணி அடிக்கறார்.

— அடிக்கத்தான் செய்வார். வெயில்ல நிக்கறாரே.

— நீ எழுந்திரு. நான் படுத்துக்கறேன். அந்த ஸ்டாண்டை இப்படித் தள்ளு. எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு அவர்கிட்ட. நிஜமாவே சரியில்லை.

— சொன்னா நம்புவார். அவரும் ஆறு மாசமா ஊர்ல எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டு வீட்டுக்குள்ளயே கிடந்தார். கழுதை மேஞ்ச இடத்துல விளையாட்டுக்கு ஒரு குழி தோண்டியிருக்கார், வாசல் கல்லு அப்படியே முழுசா வந்து நிக்குது. உங்க துறைக்கு எழுதப் பயந்துக்கிட்டு எனக்கு எழுதினார். அடுத்த மாச முதல்ல அங்க எல்லாரையும் கூட்டி வச்சுத் தப்பை ஒத்துக்கணுமாம், தனியா மேடையேற மனசு வரலையாம், துணைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கார். எழுந்து முகத்தைக் கழுவிட்டு வாங்க, நான் போய்க் கதவைத் திறக்கறேன். கட்டிலுக்கு அடியில இருக்கறது பழைய துணி இல்லை, நம்ம ரெண்டு பேர் பெட்டியும்தான்.